மலையேறிய புல்லட்

மூணாற்றை அடுத்த பள்ளிவாசல், முதிரப்புழை ஆற்று நீரைக்கொண்டு 1940-ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய மின் நிலையத்தால் பெயர் பெற்ற ஊர். இன்றைய கேரள நிலப்பரப்பில் எழுந்த முதல் நீர்மின் திட்டம் அதுவே. சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் உழைக்க வந்த தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்கின்றன. பிள்ளைகள் கோவைக்கும் திருப்பூருக்கும் பிழைக்கச் சென்றுவிட, தந்தையார் ஓட்டிய பழைய புல்லட் மோட்டார் சைக்கிள் தாழ்வாரத்தில் ஓய்ந்து நிற்கும். விடுமுறைக்கு வந்த மகன் பத்து முறை உதைத்தும் அது கிளம்பாவிட்டால், வயதாகிவிட்டது என்று பழைய இரும்பு விலைக்குத் தள்ளிவிட நினைப்பது இயல்பு. பெரும்பாலும் அது அவசர முடிவு. ஏன் என்பதை அறிய, அவ்வண்டி வந்த வழியைச் சற்று நோக்குவோம்.

இங்கிலாந்தின் ரெட்டிச் நகரிலிருந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 1932-இல் தன் வண்டிக்குப் புல்லட் என்னும் பெயரைச் சூட்டியது. விடுதலைக்குப் பின் எல்லைக் காவலுக்கு உறுதியான வண்டியைத் தேடிய நம் இராணுவம் அதன் 350 சி.சி. வகையைத் தேர்ந்தெடுத்தது. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச் நிறுவனமும் கூடி என்ஃபீல்டு இந்தியாவைத் தோற்றுவிக்க, சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. முதலில் கப்பலில் வந்த பாகங்களைப் பூட்டினார்கள். பின்னர் பாகங்களையும் இங்கேயே செய்தார்கள். ரெட்டிச் தொழிற்சாலை 1967-இல் மூடப்பட்டது. பிறந்தகம் அழிந்த பின்னும் புல்லட் புகுந்த வீட்டில் நிலைத்துவிட்டது. 1950-களின் அமைப்பே பெரிய மாறுதலின்றிப் பல பத்தாண்டுகள் நீடித்தது. 1977-இல் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியும் ஆயிற்று!

இந்தப் பழமைதான் பழுது பார்ப்பவருக்கு உதவுகிறது. முன்விளக்குக் கூட்டின் மேல் ஒரு சிறு ஆம்பியர் மீட்டர் உண்டு. விளக்குகளை அணைத்து, சாவியைத் திருப்பி, கிக்கரை மெல்ல அழுத்தினால், முள் ஒரு புறம் சாய்ந்து மீண்டும் நடுவுக்கு வரவேண்டும். சாய்ந்தால், பாயிண்ட் எனப்படும் தொடுமுனைகள் சேர்ந்து காயிலில் மின்சாரம் ஓடுகிறது என்று பொருள். திரும்பினால், அவை பிரிந்துவிட்டன என்று பொருள். பிரியும் கணத்தில்தான் பிளக்கில் பொறி எழுகிறது. முள் அசையவே இல்லையா? பேட்டரி இறங்கியிருக்கும், ஒயர் அறுந்திருக்கும், அல்லது முனைகளில் அழுக்குப் படிந்திருக்கும். சாய்ந்த முள் திரும்பவில்லையா? முனைகள் பிரியவில்லை, அவற்றின் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் வரை இருத்தல் வேண்டும்.

முள் நடுவுக்கு வந்ததும், கைப்பிடியிலுள்ள சிறு நெம்புகோலை இழுத்தால் டீகம்ப்ரஸர் திறந்து, சிலிண்டரில் அழுந்திய காற்று வெளியேறும். கிக்கரை இன்னும் சிறிது நகர்த்தி, நெம்புகோலை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே முழு உதை. கால் வலிமையைவிட இந்த வரிசையே வண்டியைக் கிளப்புகிறது. வரிசை தவறினால் கிக்கர் எதிர்த்து உதைத்துக் கணுக்காலைப் பதம் பார்த்துவிடும்.

மலைக்கென்று தனித் தொல்லையும் உண்டு. திருவொற்றியூர் கடற்கரை ஊர். மூணாறோ சுமார் 1,500 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. சமவெளிக்கு அளவிட்ட கார்புரேட்டர், மலையில் காற்றுக்கு மிஞ்சிய பெட்ரோலைத் தரும். பிளக் கரி பிடிக்கும். கழற்றிய பிளக் கரியும் ஈரமுமாக இருந்தால், துடைத்து உலர்த்தி, சோக் போடாமல் உதைக்க வேண்டும். உலர்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை. குழாய், வடிகட்டி, ஜெட் என ஒவ்வொன்றாகத் தேட வேண்டியதுதான். பிளக்குக்குச் செல்லும் ஒயரில் மூடுபனி படிந்தாலும் பொறி வழியிலேயே கசிந்துவிடும். உலர்ந்த துணியே அதற்கு மருந்து.

மாதக்கணக்கில் நின்ற வண்டியில் பழைய பெட்ரோலை முதலில் வடித்துவிடுவது நல்லது. நாட்டில் பெட்ரோலுடன் எத்தனால் கலப்பது 2025-இல் 20 விழுக்காட்டை எட்டியது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது; பருவமழை ஓயாத மலைநாட்டில் டாங்கின் அடியில் நீர் தங்குவதில் வியப்பில்லை.

வார்ப்பிரும்பு எஞ்சின் கொண்ட புல்லட்டின் உற்பத்தி 2010-ஐ ஒட்டி முடிவுற்றது. பின்வந்த வண்டிகளில் பாயிண்டும் கையால் இழுக்கும் டீகம்ப்ரஸர் நெம்புகோலும் இல்லை. பலவற்றில் கிக்கரே இல்லை. முள்ளைப் பார்த்து உதைக்கத் தெரிந்தவர்கள் இன்று தோட்ட லயங்களில் பெரும்பாலும் முதியவர்களே. ஊர் செல்லும் நேயர்கள், பழைய இரும்புக்காரரை அழைக்குமுன் அவர்களில் ஒருவரை வண்டியருகே அழைத்து, சாவியைத் திருப்பிக் கொடுத்து, முள்ளைப் பார்க்கச் சொல்லலாம்.