அச்சுக்கோத்தவரும் எல்லைக்கோடும்: திருத்தணியிலிருந்து ம.பொ.சி.யைப் படித்தல்

ம.பொ.சி.யைத் திருத்தணியில் வைத்துப் பேசுவதில் ஒரு வசதி இருக்கிறது. சென்னையில் அவர் மீசை, சிலம்பு, மேடை என்கிற மூன்று அடையாளங்களாகச் சுருங்கிப்போனவர். திருத்தணியிலோ அவர் ஒரு விளைவு. இந்த ஊர்ப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் எந்த எழுத்தை முதலில் எழுதுகிறார்கள், நிலப்பத்திரம் எந்த மொழியில் பதிவாகிறது என்பதிலெல்லாம் அவருக்குப் பங்குண்டு. சரி, யார் இந்த ஆள்?

1906 ஜூன் 26ஆம் தேதி சென்னை ஆயிரம்விளக்குப் பகுதியில், கள்ளிறக்கும் கிராமணி குலத்தில் பிறந்தவர். மூன்றாம் வகுப்போடு பள்ளி முடிந்துபோனது. வறுமைதான் காரணம், வேறென்ன. வரதராஜுலு நாயுடுவின் 'தமிழ்நாடு' பத்திரிகை அச்சகத்தில் கம்பாசிட்டராக நின்றார். நான் தமிழ் எம்.ஏ. படித்தபோது தமிழறிஞர் வரிசை என்று ஒன்றைச் சொல்லிக்கொடுத்தார்கள். மடம், திண்ணை, கல்லூரி என்று அது போகும். அச்சுக்கூடம் என்பது அந்த வரிசையில் கிடையாது. ஈய எழுத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, இடவலமாற்றிப் படித்து, நாள் முழுக்க நின்றபடியே அடுத்தவன் வாக்கியத்தைக் கோக்கிறவனுக்கு மொழி கையில் ஏறுகிறது. ம.பொ.சி.யின் உரைநடையில் பண்டிதச் சுமை இல்லாததற்கு இதுவே காரணம் என்பது என் கணிப்பு.

காங்கிரஸ்காரராகி மதுவிலக்குப் பேசினார். கள்ளை நம்பிப் பிழைத்த சொந்த சாதிக்காரர்களிடமே போய்க் கள் வேண்டாம் என்றார். இதைக் காந்தியத் தியாகம் என்று மட்டும் வாசிப்பது சோம்பேறித்தனம். ஒரு குலத்தொழிலிலிருந்து வெளியேறத் துடித்த நகரத்து அடித்தட்டு இளைஞனின் அவசரமும் அதற்குள் இருக்கிறது. 1942 ஆகஸ்ட் போராட்டத்தில் கைதாகி அமராவதி சிறைக்குப் போனார். உடம்பு கெட்டது. சிலப்பதிகாரம் கையில் வந்தது. மூன்று நாடுகளையும் ஒரே கதைக்குள் கொண்டுவரும் பிரதி அது. அதிலிருந்து அவர் எடுத்தது அழகியல் அல்ல, நிலப்படம். 1946ல் தமிழரசுக் கழகம் தொடங்கியபோது அந்த நிலப்படத்துக்கு ஓர் அமைப்பு கிடைத்தது. திராவிட நாடு கேட்டவர்களுக்கு வடக்கெல்லை என்பதே ஒரு சங்கடம். அவர்கள் கணக்கில் ஆந்திரமும் உள்ளேயே இருந்தது. அந்த வெற்றிடத்தில்தான் ம.பொ.சி. நுழைகிறார்.

1952 டிசம்பர் 15 இரவு பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாவிரதமிருந்து சென்னையில் இறந்தார். நான்கே நாளில் நேரு ஆந்திர மாநில அறிவிப்பைச் செய்ய வேண்டியதாயிற்று. சென்னை யாருக்கு, ஆந்திரத்துக்குத் தற்காலிகத் தலைநகராகவாவது அது இருக்கலாமா என்ற இழுபறி அதற்குப் பிறகும் ஓயவில்லை. மாநகராட்சியில் ஆல்டர்மேனாக இருந்த ம.பொ.சி. அந்த மன்றத்தையே மேடையாக்கினார். 'தலையைக் கொடுத்தேனும் தலைநகரைக் காப்போம்' என்ற முழக்கம் அப்போது எழுந்தது. குழாய்த்தண்ணி, குப்பை, விளக்குக்கம்பம் பற்றிப் பேசக் கட்டப்பட்ட மன்றம் தேசிய இனப் பிரச்சினையைப் பேசியது. 1953 மார்ச்சில் நேரு, ஆந்திரத் தலைநகர் ஆந்திர எல்லைக்குள்ளேயே அமையும் என்றார். கர்நூல் தலைநகரானது.

ஆனால் சித்தூர் மாவட்டம் போயிற்று. திருத்தணி அதற்குள். கே. விநாயகம், ஆசிரியர் மங்கலங்கிழார் போன்ற உள்ளூர்க்காரர்கள் ஏற்கெனவே மூட்டிவைத்த நெருப்பு இது. சென்னைக்காரர் வந்து பற்றவைத்ததில்லை. 1953ல் மறியல், கடையடைப்பு, தடையுத்தரவு, ம.பொ.சி. தடையை மீறிக் கைதானார். கோவிந்தசாமி, மாணிக்கம் என்ற இரண்டு தொண்டர்கள் சிறையில் இறந்தார்கள். தலைவருக்குக் கிடைத்த பட்டங்களில் பத்தில் ஒரு பங்கு வார்த்தைகூட இவர்களுக்கு யாரும் செலவழிக்கவில்லை.

அவரைச் சிறைக்கு அனுப்பியது ராஜாஜி அரசு. அதே ஆண்டில் அதே ராஜாஜி, தொடக்கப்பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதிப் பொழுதில் பிள்ளைகள் வீட்டுத் தொழிலைப் பழகட்டும் என்று திட்டம் போட்டபோது ம.பொ.சி. ஆதரித்தார். குலக்கல்வி என்று எதிர்த்தரப்பு அதைச் சரியாகவே பெயரிட்டது. மூன்றாம் வகுப்பில் பள்ளியை இழந்தவர், குலத்தொழிலைவிட்டு வெளியே வந்தவர், இதை எப்படி ஆதரித்தார்? விசுவாசம் என்று சொல்லிவிடலாம். திராவிட இயக்கத்தின் மேலிருந்த கோபம் கண்ணை மறைத்தது என்றும் சொல்லலாம். எனக்கு இரண்டும் போதவில்லை. பள்ளியில்லாமலே மேலே வந்தவனுக்குத் தன் ஏற்றமே சான்றாகிவிடுகிறது. நான் வரலியா, நீ ஏன் வரமாட்டே என்கிற குரல் அது. எல்லையில் அவர் மக்களாகப் பார்த்ததைப் பள்ளியில் தனிமனிதனாகப் பார்த்தார்.

எல்லைச் சிக்கலைத் தீர்க்கப் படாஸ்கர் வந்தார். கிராமம் ஓர் அலகு, பெரும்பான்மை மொழி, நிலத்தொடர்ச்சி என்று அளவுகோல் வைத்தார். 1959ல் சட்டம், 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி வட்டமும் பள்ளிப்பட்டுப் பகுதியும் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. செங்கற்பட்டு, சேலம் மாவட்டங்களிலிருந்து சில பகுதிகள் அந்தப் பக்கம் போயின. திருப்பதியும் சித்தூரும் வரவில்லை. ஆக, ஆறரை ஆண்டுகள் திருத்தணி முருகன் ஆந்திரத்தில் குடியிருந்தான்.

கிராமத்தை அலகாக எண்ணுகிற கணக்கில் வீடு தொலைந்துபோகிறது. பள்ளிப்பட்டு, ஆர்.கே. பேட்டை, அம்மையார்குப்பம் பக்கம் தறி ஓடும் வீடுகளில் தெலுங்கும் தமிழும் ஒரே வாயில் வரும். அம்மாவிடம் ஒன்று, முதலாளியிடம் ஒன்று. 1888ல் இங்கே பிறந்த ராதாகிருஷ்ணன் வீட்டிலும் தெலுங்குதான். இலக்கியத்திலிருந்து எல்லையை எடுக்கிற அரசியலுக்கு இந்த வாய் ஒரு தொந்தரவு. ம.பொ.சி. தெலுங்கர்மேல் வெறுப்பு வளர்த்தவர் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கூலி கேட்கிற நெசவாளி, அவர் பேச்சில் எல்லை கேட்கிற தமிழனாக மட்டுமே வந்தான். தானே கூலிக்கு நின்றவர் இதைக் கவனித்திருக்க வேண்டாமா?

1967ல், அத்தனை காலம் எதிர்த்த தி.மு.க.வின் உதயசூரியன் சின்னத்திலேயே தியாகராய நகரில் நின்று வென்றார். பிறகு மேலவைத் தலைவர். 1986ல் மேலவையே கலைந்தது. 1995 அக்டோபர் 3ஆம் தேதி இறந்தார். தன் வரலாற்றுக்கு அவர் வைத்த தலைப்பு 'எனது போராட்டம்'. திருத்தணியோ 1997ல் திருவள்ளூர் மாவட்டத்துக்கு மாறியது. அந்தத் தறிவீடுகளில் விசைத்தறிச் சத்தத்துக்கு மேலே இன்றும் இரண்டு மொழியிலும்தான் கூப்பிட்டுக்கொள்கிறார்கள்.