சூளையும் தொட்டியும்

விருத்தாசலத்தில் தெரிந்தவர்கள் சிலர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. மொட்டை மாடியில் நாலு தொட்டி கட்டி வண்ண மீன் வளர்த்தால் மாதச் செலவுக்காவது வருமா? கேட்பவர்களில் பெண்களே அதிகம். சென்னை கொளத்தூரில் வருகிறதே, இங்கே ஏன் வராது என்பது அவர்கள் வாதம். நியாயமான வாதம்தான். ஆனால் கொளத்தூரை மட்டும் பார்த்துப் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சின்ன முதலில் நடக்கும் தொழில் எதனால் நிற்கிறது, எதனால் சாய்கிறது என்பதை இந்த ஊர் தன் செராமிக்கில் ஏற்கெனவே பார்த்திருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் கணக்குப் பிடிபடும்.

செராமிக் இங்கே வந்த கதை நெய்வேலியோடு சேர்ந்தது. பழுப்பு நிலக்கரிக்காக மேல்மண்ணை வாரும்போது வெள்ளைக் களிமண்ணும் கிடைத்தது. மண் இருந்தால் மட்டும் பீங்கான் ஆகிவிடாது. சுடுவதற்கு 1200 டிகிரியை ஒட்டிய வெப்பம் வேண்டும். அப்படியொரு சூளையைக் கட்டி அணையாமல் ஓட்டுவது ஒரு குடும்பத்தால் ஆகிற காரியம் இல்லை. அதனால்தான் அரசு இங்கே செராமிக் தொழிற்பேட்டை அமைத்து, சிறு தயாரிப்பாளர்களின் சரக்கைக் கூலிக்குச் சுட்டுத் தரப் பொது வசதியும் செய்தது. பிளாஸ்டர் அச்சும் ஒரு கொட்டகையும் கைத்திறமையும் இருந்தால் தொழிலில் இறங்கலாம் என்று ஆனது. அச்சில் களிமண் கூழை ஊற்றுவார்கள். அச்சு நீரை உறிஞ்ச, ஓரத்தில் ஒரு தோல் படியும். மிச்சத்தைக் கவிழ்த்துவிட்டு, உருவை எடுத்துக் காயவைத்துச் சூளைக்குத் தூக்கிப் போவார்கள். கொலு பொம்மையும் அகல் விளக்கும் அப்படித்தான் வந்தன. செராமிக் பட்டயப் படிப்புக்கான அரசு நிறுவனமும் இதே ஊரில்தான் இருக்கிறது.

கொளத்தூரில் சூளையின் இடத்தில் இருப்பது தெரு. ஒரு வீட்டில் கப்பி, அடுத்த வீட்டில் ஃபைட்டர், அதற்கடுத்த வீட்டில் ஏஞ்சல். மொத்தமாக வாரிப் போக வியாபாரி, ஆக்சிஜன் அடைத்துப் பை கட்டித் தருபவர், குஞ்சுத் தீனிக்கான ஆர்ட்டீமியா முட்டை விற்கும் கடை, புழு கொண்டுவருபவர், வெண்புள்ளி நோய் கண்டால் என்ன செய்வது என்று சொல்லப் பக்கத்து வீட்டுக்காரர் என்று எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கும். நிலத்தின் விலை ஏறியதும் மீன் வளர்ப்பவர்கள் பலர் திருவள்ளூர் மாவட்டப் பக்கம் நகர்ந்தார்கள். சந்தை மட்டும் நகரவில்லை. அதை நம்பித்தான் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் வில்லிவாக்கத்தில் வண்ண மீன்களுக்கென்றே வர்த்தக மையம் கட்டியது.

வீட்டுத் தொழில் என்று சொல்கிறோமே தவிர, இரண்டு ஊரிலும் பணம் வந்தது வாசலுக்கு வெளியே இருந்த ஒரு பொது ஏற்பாட்டால். இது ஒற்றுமை. வேற்றுமையைத்தான் நம்மவர்கள் கவனிக்கத் தவறுகிறார்கள்.

கார்த்திகைக்கு விற்காத அகலை வைக்கோலில் சுற்றி மூலையில் வைத்தால் அடுத்த கார்த்திகை வரை அது பாட்டுக்குக் கிடக்கும். விற்காத கப்பி தினம் இரண்டு வேளை தின்னும், தண்ணீரைக் கெடுக்கும், அடுத்து பிறக்கும் குட்டிகளுக்கு இடம் விடாது, வருஷம் திரும்புவதற்குள் கிழடு தட்டும். ராத்திரி நாலு மணி நேரம் மின்சாரம் போய்க் காற்றுப் பம்பு நின்றால், நெருக்கமாக வைத்த தொட்டி விடியும்போது காலி. சூளையில் ஒரு அடுக்கு விரிசல் விட்டாலும் மற்ற அடுக்கு மிஞ்சுகிறது. தொட்டியில் ஒரு நோய் வந்தால் பெரும்பாலும் மொத்தமும் போகிறது. விலை போகாத மீனைக் கொண்டுபோய் மணிமுத்தாற்றில் விடுவதும் கூடாது. வளர்ப்பவர்கள் கைவிட்ட சக்கர் மீன் தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பெருகி நாட்டு மீன்களை என்ன பாடு படுத்துகிறது என்று மீனவர்களைக் கேட்டால் சொல்வார்கள். கொளத்தூர்க்காரர் விலை சரிந்தாலும் நாளைக்கே வியாபாரியிடம் தள்ளிவிட்டுத் தொட்டியைக் கழுவிவிடுவார். விருத்தாசலத்தில் அப்படித் தள்ள இடம் ஏது?

கணக்குப் போட்டே பார்ப்போம். 20 தாய்க் கப்பிகள். கப்பி முட்டையிடாது, ஏறக்குறைய 28 நாளுக்கு ஒருமுறை குட்டி போடும். ஒரு தடவைக்கு 30 குட்டி என்று வைத்தால் மாதம் 600. தாயே தின்றது, நோயில் போனது, கூன் விழுந்தது போகப் பாதி மிஞ்சட்டும், 300. மொத்த விலை ஒன்றுக்கு 5 ரூபாய் கிடைப்பதாக வைத்தால் 1,500 ரூபாய். தீனி, மின்சாரம், பை, வண்டிக்கூலி எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். விற்கும் அளவுக்கு வளர 3 மாதம் ஆகுமென்றால் எந்த நேரமும் 900 மீன் கையிருப்பில் இருக்கும். நாலு தொட்டி எந்த மூலைக்கு?

அப்படியானால் ஃபைட்டர் வளர்க்கலாமே, விலை கூட வருமே என்பார்கள். வரும். ஆண் மீன் நீர்மட்டத்தில் நுரைக்கூடு கட்டி முட்டையைக் காக்கும். இரண்டு நாளுக்குள் பொரிந்துவிடும். குஞ்சுகள் வளர்ந்து ஆண்கள் ஒன்றையொன்று கடிக்கத் தொடங்கியதும் ஒவ்வொன்றையும் தனி பாட்டிலில் போட வேண்டும். 200 ஆண் என்றால் 200 பாட்டில், ஒவ்வொன்றுக்கும் வாரத்தில் சில தடவை தண்ணீர் மாற்றம். கிடைக்கும் கூடுதல் விலை அந்த உழைப்புக்கான கூலிதான். வீட்டுப் பெண்ணின் நேரத்தைச் சும்மா கிடைப்பதாக எண்ணி லாபம் சொல்லும் கணக்கை நான் ஏற்பதில்லை.

2020இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் வீட்டுக் கொல்லையில் அமைக்கும் வண்ண மீன் வளர்ப்பு அலகுக்குச் செலவு 3 லட்சம் ரூபாய் என்று கணக்கிட்டு, பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும் பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 சதவீதமும் மானியம் வைத்தார்கள். நல்ல திட்டம். ஆனால் மானியம் போகவும் ஒரு பெண் 1,20,000 ரூபாய் கைக்காசு போட வேண்டும். மேலே சொன்ன 1,500 ரூபாயில் அது எப்போது திரும்பும்?

வெளியிலிருந்து விழும் அடியும் இரண்டுக்கும் பொது. வீடுகளில் பீங்கான் பியூஸ் கட்டை இருந்த இடத்துக்கு எம்சிபி சுவிட்ச் வந்தபோது பீங்கான் பட்டறைகளால் பார்த்துக்கொண்டிருக்கத்தான் முடிந்தது. 2017 மே மாதம் மத்திய அரசு மீன் தொட்டிக் கடைகளுக்கு விதிகள் கொண்டுவந்து 158 வகை மீன்களின் விற்பனைக்குத் தடை போட்டபோது கொளத்தூர் கலங்கியது. அங்கே எதிர்க்குரல் கொடுக்க ஒரு வியாபாரக் கூட்டம் இருந்தது. விதிகள் பிறகு விலக்கிக்கொள்ளப்பட்டன. தன்னந்தனி மாடித் தொட்டிக்கு அந்தக் குரல் ஏது?

அதனால் என் பதில்: ஒரு வீடாக இறங்கினால் வராது. நாலைந்து வீடு சேர்ந்தால் வர வாய்ப்பு உண்டு. வீட்டுக்கு ஒரு வகை. ஆளுக்கொரு பெட்டி என்றில்லாமல் ஒரே நாளில் ஒரே சரக்காக அனுப்ப வேண்டும். சென்னை 200 கி.மீ.க்குச் சற்று அதிகம். திருச்சி, சேலம், கடலூர் மூன்றுக்கும் தண்டவாளம் பிரியும் சந்திப்பு நம்முடையது. ஆக்சிஜன் அடைத்த பையில் மீன் ஒரு நாள் தாங்கும். தண்ணீரை முதலில் சோதித்துப் பாருங்கள். கடின நீர் என்றால் கப்பி, மோலி, பிளாட்டி தாங்கும், டிஸ்கஸ் பக்கம் போகாதீர்கள்.

இன்னொன்று. ஏஞ்சலும் டிஸ்கஸும் செங்குத்தான பரப்பில் முட்டையை ஒட்டும். பண்ணைக்காரர்கள் அதற்காகவே சுட்ட மண் கூம்புகளைத் தொட்டியில் நிறுத்துகிறார்கள். அச்சும் சூளையும் தெரிந்த ஊருக்கு அது பெரிய வேலையா? தொட்டிக்குச் செங்கல் இறக்குவதற்கு முன்னால், தொழிற்பேட்டைப் பக்கம் போய், அப்படியொரு கூம்புக்கு அச்சு எடுக்க என்ன ஆகும் என்று கேட்டுவிட்டு வாருங்கள்.