இரைப்பைக்குள் ஒரு விளக்கு

வயிற்றெரிச்சல் என்ற சொல் நம் தோட்டத்து மக்களுக்குப் புதியதன்று. இன்று நாம் காண இருப்பது, அந்த எரிச்சலின் காரணத்தைக் கண்ணால் காண மனிதன் பட்ட பாட்டின் வரலாறு.

1885-இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் ஆராய்ந்த மலைப்பகுதியே இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் அங்கே போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அம்மலைத் தோட்டங்களில் காடு திருத்திக் கொழுந்து பறித்தவர்களுள் தமிழர் பலர். லயத்து வீட்டில் ஒருவர் நெஞ்செரிச்சலும் புளியேப்பமுமாக அவதிப்பட்டால் முதலில் சுக்கும் ஓமமும் வரும். அதற்கும் அடங்காவிட்டால், தோட்ட மருந்தகத்தில் டிரசர் ஊற்றித் தரும் வெள்ளை மருந்து. காரத்தைக் குறை, வேளைக்குச் சாப்பிடு, கவலையை விடு என்று புத்தி சொல்வார்கள். நல்ல புத்திதான். ஆனால், உள்ளே இருப்பது புண்ணா, புற்றா, வெறும் மந்தமா என்பது யாருக்குத் தெரியும்?

டிரசரை மட்டும் குறை சொல்வதற்கில்லை. பெரிய மருத்துவர்களுக்கும் இரைப்பை நெடுங்காலம் பூட்டிய பெட்டியாகவே இருந்தது. 1868-இல் ஜெர்மானிய மருத்துவர் குஸ்மால், வாளை விழுங்கி வித்தை காட்டும் ஒருவரைக் கொண்டு, நேரான உலோகக் குழாயை இரைப்பைக்குள் செலுத்திப் பார்த்தார். போதிய வெளிச்சம் இல்லை. 1932-இல் ஷின்ட்லர் ஓரளவு வளையும் குழாயை அமைத்தார். அப்போதும் பார்க்க முடியாத மூலைகள் இருந்தன. பேரியம் குடித்து எடுக்கும் எக்ஸ்ரே படமோ நிழலைத்தான் காட்டியது.

பூட்டைத் திறக்க உதவியவர்களுள் இந்தியர் ஒருவரும் உண்டு. பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானி, லண்டனில் ஹாப்கின்ஸ் என்னும் பேராசிரியருடன் சேர்ந்து, மெல்லிய கண்ணாடி இழைக் கற்றை வளைந்தாலும் அதன் வழியே படத்தைக் கடத்தலாம் என்று 1954-இல் காட்டினார். அதைப் படித்த ஹிர்ஷோவிட்ஸ், அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இழைக்குழாய் ஒன்றை உருவாக்கி, 1957-இல் முதலில் தம் தொண்டைக்குள்ளேயே செலுத்திக்கொண்டார். இன்றைய எண்டோஸ்கோப்பி அதன் வழிவந்ததே.

பார்க்க முடிந்ததோடு கதை முடியவில்லை. குழாய் வழியே சிறு சதைத் துணுக்கையும் எடுக்க முடிந்தது. அத்தகைய துணுக்குகளை ஆராய்ந்தே ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் வாரனும் மார்ஷலும் 1982-இல் ஹெலிகோபாக்டர் பைலோரி என்று பின்னர் பெயர் பெற்ற கிருமியை வளர்த்துக் காட்டினர். நம்பாதவர்களுக்காக மார்ஷல் 1984-இல் கிருமிக் கரைசலைத் தாமே குடித்தார். சில நாளில் அவர் இரைப்பை அழற்சியுற்றது. 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. குடற்புண்ணுக்குக் காரமும் கவலையுமே காரணம் என்ற பழைய எண்ணம் அதனால் ஆட்டம் கண்டது.

இது நமக்கு எவ்வளவு நெருங்கிய செய்தி தெரியுமா? கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில், செரியாமைக்காக எண்டோஸ்கோப்பி செய்துகொண்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பேராசிரியர் கோ கியன் லீ குழுவினர் ஆராய்ந்து 1997-இல் வெளியிட்டனர். மலாய்க்காரர்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கும், சீனர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கும், இந்தியர்களில் பத்தில் ஆறு பேருக்கும் இக்கிருமி இருந்தது. இது பெரும்பாலும் சிறுவயதில் குடும்பத்துக்குள்ளேயே தொற்றுவது. ஆகவே அது ஒருவருடைய நாக்கின் குற்றமன்று. வெட்கப்பட வேண்டியதும் அன்று. மற்றொரு வியப்பு: இரைப்பைப் புற்று இந்தியரைவிடச் சீனரிடமே மிகுதி. கிருமி ஒன்றே எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை.

அப்படியானால் செரியாமை உள்ள அனைவரும் குழாயை விழுங்க வேண்டுமா? வேண்டியதில்லை. பார்த்தவர்களில் பெரும்பாலோருக்குப் புண்ணோ புற்றோ தென்படுவதில்லை. இளையவருக்கு மூச்சுச் சோதனை அல்லது மலச் சோதனையால் கிருமியைக் கண்டு, அமிலம் குறைக்கும் மருந்துடன் கிருமிக்கொல்லிகளையும் இரண்டு வாரம் போலக் கொடுத்து ஒழிக்கலாம். ஆனால் உடல் மெலிதல், விழுங்கத் தடை, இரத்த வாந்தி, தார் போன்ற கரிய மலம், இரத்தசோகை, ஓயாத வாந்தி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும், முதிய வயதில் புதிதாகச் செரியாமை தொடங்கினாலும், எண்டோஸ்கோப்பியைத் தள்ளிப்போடக் கூடாது. இரவு முதல் பட்டினி, தொண்டை மரக்க மருந்து, சில நிமிடச் சங்கடம், அவ்வளவே.

மலையில் கொழுந்து பறிக்கும் கைகள் இன்று மாறிவிட்டன; வங்காளதேசத்தாரும் நேப்பாளியரும் அவர்களுள் உண்டு. வளைந்து வளைந்து இறங்கும் தாப்பாச் சாலை மட்டும் மாறவில்லை. ஒருநாள் கூலி போகுமே என்று எரிச்சலை விழுங்கிக்கொண்டு இருப்பவர் எந்நாட்டவராயினும் அவருக்கு நாம் சொல்லக்கூடியது ஒன்றே: பெட்டியின் பூட்டு திறந்து அரை நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது, இருட்டில் மருந்து குடித்துக்கொண்டிருக்க இனித் தேவையில்லை.