மினுக்கும் மூச்சும்: லாரியின் இன்டேக் மேனிஃபோல்டைக் கையால் தேய்ப்பது குறித்து

1. ஆய்வுப் பொருள்

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வழியாகப் பெங்களூர் போகும் சாலையில் தோல் பதப்படுத்தும் உப்பு மூட்டையும் ஷூ பெட்டியும் ஏற்றிய லாரிகளுக்குக் குறைவில்லை. டர்போ இல்லாத பழைய வண்டி மேட்டில் இழுக்கவில்லை என்றால் வரும் யோசனைகளில் ஒன்று, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றி வீட்டிலேயே உட்புறத்தைத் தேய்ப்பது. துளையின் வடிவத்தைத் திருத்துவது போர்ட்டிங்; பரப்பை வழுவழுப்பாக்குவது பாலிஷிங். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகிவிட்டோம். முன்னதில் சரக்கு உண்டு. பின்னது, டீசல் லாரியைப் பொறுத்தவரை, கண்ணுக்குத்தான் விருந்து.

2. மூச்சின் கணக்கு

டாடா 697 எஞ்சினின் பெயரிலேயே 6 சிலிண்டரும் 97 மி.மீ. போரும் இருக்கின்றன; ஸ்ட்ரோக் 128 மி.மீ., கொள்ளளவு 5,675 சி.சி. ஹினோ வடிவமைப்பை ஒட்டி அசோக் லேலண்ட் செய்த எஞ்சினுக்கு 104 மி.மீ. போர், 113 மி.மீ. ஸ்ட்ரோக், 5,759 சி.சி. பின்னது 2,400 சுற்றில் ஓடினால் ஒவ்வொரு சிலிண்டரும் நிமிடத்துக்கு 1,200 முறை மூச்சிழுக்கும். ஏட்டுக் கணக்குப்படி நிமிடத்துக்கு 6.9 கன மீட்டர் காற்று. உண்மையில் அவ்வளவு நிரம்புவதில்லை. அந்தக் குறையை எங்கே தேடுவது என்பதுதான் கேள்வி.

வேலூர் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 220 மீட்டர், அதே சாலையில் பெங்களூருக்கு முன் வரும் ஓசூர் ஏறத்தாழ 880. ஏறி முடிப்பதற்குள் காற்றழுத்தம் 7 விழுக்காட்டுக்கு மேல் இறங்கிவிடும். ஏர் கிளீனர் தூசி அடைத்து, அதன் அடைப்புக் காட்டி சிவப்புக்கு வரும்போது ஏற்படும் இழப்பும் பொதுவாக 5, 6 கிலோபாஸ்கல். ஓசூர் மேட்டுக்குக் கிட்டத்தட்ட ஈடு. ஆகவே மேனிஃபோல்டின் போல்ட்டில் ஸ்பேனர் வைக்கும் முன் ஏர் கிளீனரைத் திறந்து பார்ப்பது மேல். (ஒரு நாள் கூலி மிச்சமாகிவிடும் என்பதால் இதை யாரும் முதலில் சொல்வதில்லை.)

3. படி

மேனிஃபோல்டு ஹெட்டோடு சேரும் முகத்தில்தான் கைவேலைக்கு உண்மையான இடம் இருக்கிறது. நான் கையில் எடுத்துப் பார்த்த ஒரு பழைய மேனிஃபோல்டில் விரலை உள்ளே விட்டு மெல்லச் சுற்றினால் ஓரிடத்தில் நகம் தட்டியது. வார்ப்பில் நின்றுபோன சிறு உதடு. அதன் எதிரே, மேனிஃபோல்டுக்கும் ஹெட்டுக்கும் இடையில் உட்காரும் பேக்கிங், துளைக்குள் எட்டிப் பார்த்தபடி கருகியிருந்தது.

45 மி.மீ. துளை என்று வைத்துக்கொள்வோம். பேக்கிங் சுற்றிலும் 2 மி.மீ. உள்ளே நீட்டினால் வழி 41 மி.மீ. ஆகிறது. பரப்பில் 17 விழுக்காடு போயிற்று. அந்த விளிம்பில் மோதும் காற்று சுவரைவிட்டு விலகிச் சுழல்வதால் பயன்படும் வழி இன்னும் சுருங்கும்.

புது பேக்கிங்கை முகத்தில் பொருத்தி, துளையின் ஓரத்தைக் கீறிக் குறித்து, கோட்டுக்கு வெளியே போகாமல் வட்ட அரத்தால் உதட்டை இறக்க வேண்டும். டை கிரைண்டர் வேகமானது. கை தவறினாலும் வேகமாகவே தவறும். பேக்கிங் உட்காரும் முகத்தில் ஒரு கீறல் விழுந்தால் அந்த வழியாக வடிகட்டாத தூசி எஞ்சினுக்குள் போகும். பார்த்த லாபமெல்லாம் ரிங் மாற்றும் செலவுக்குப் போதாது.

4. பளபளப்பு

கார்புரேட்டர் வைத்த பெட்ரோல் எஞ்சினில் கண்ணாடிப் பரப்பு கெடுதலாகவே முடியலாம். பெட்ரோல் சுவரில் படலமாகப் படிந்து ஓடும், சற்றுச் சொரசொரப்பு இருந்தால் உடைந்து ஆவியாகும். டீசல் லாரியின் மேனிஃபோல்டில் போவது வெறும் காற்று. கெடுதல் இல்லை, பெரிய நன்மையும் இல்லை. 80 நம்பர் எமரியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

எமரித் தாள் தோல் பதனிடும் இந்த ஊர்களுக்குப் புதிதல்ல. தோலைப் பஃபிங் போடுகிறவர்களுக்கு ஒன்று தெரியும்: உண்ணிக் கடியும் கீறலும் உள்ள தோலின் மேல் கிரெயினைத் தேய்த்து எடுத்து, நிறம் பூசினால் நன்றாக மின்னும், விலை முழு கிரெயின் தோலுக்குத்தான் கூடுதல்.

5. தொடக்கூடாத இடம்

ஹெட்டுக்குள் போகும் துளை நேராக இல்லையே என்று அதையும் நிமிர்த்த நினைப்பவர் உண்டு. நேரடியாக டீசல் பீச்சும் பல எஞ்சின்களில் அந்த வளைவு வேண்டுமென்றே வைத்தது. காற்று சிலிண்டருக்குள் சுழன்று இறங்கினால்தான் பீச்சிய டீசலோடு கலக்கும். வளைவைத் தேய்த்தால் காற்று கூடுதலாகப் புகுந்தாலும் கருப்புப் புகை வரும்.

6. டீசலும் சட்டமும்

டீசல் எஞ்சினில் ஆற்றலைத் தீர்மானிப்பது பம்ப் தரும் டீசல். காற்று மட்டும் கூடினால் புகை சற்றுக் குறையும், இழுவை பெரிதாக மாறாது. அதனால் அடுத்து பம்பைத் திறந்துவிடச் சொல்வார்கள். குறைந்த புகை திரும்பிவிடும். புகைச் சோதனையில் பிஎஸ் 4க்கு முந்தைய வண்டிக்கு 65 ஹார்ட்ரிட்ஜ் அலகு வரம்பு, பிஎஸ் 4 வண்டிக்கு 50. பம்பின் சீலை உடைக்கும் முன் நினைக்க வேண்டிய எண்கள் இவை.

7. கழுவுதல்

அரத்தூளும் எமரி மணலும் வளைவுகளில் ஒட்டிக்கொள்ளும். மண்ணெண்ணெயில் அலசி, சோப்பு வெந்நீரில் பிரஷ் விட்டுத் தேய்த்து, காற்றடித்து உலர்த்த வேண்டும். பிறகு கம்பியில் வெள்ளைத் துணி கட்டி ஒவ்வொரு துளையிலும் இழுத்துப் பார்க்க வேண்டும். துணியில் சாம்பல் நிறம் தெரிந்தால், மறுபடி மண்ணெண்ணெயிலிருந்து.