பத்திரிகை வாசித்த இடங்கள்: யாழ்ப்பாணத்து அன்றாட அபிப்பிராயம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஈழத்துத் தமிழரின் அரசியல் வரலாற்றை எழுத முற்பட்டோர் பெரும்பாலும் சட்டசபை உரைகளையும் ஆணைக்குழு அறிக்கைகளையும் கட்சித் தீர்மானங்களையுமே ஆதாரமாகக் கொண்டனர். அவை பேணப்பட்டவை, தேடுவார்க்குக் கிடைப்பவை. ஆனால் அத்தீர்மானங்களைப் பற்றித் தோட்டத்திலிருந்து திரும்பிய புகையிலைச் செய்கையாளர் என்ன கருதினார், கிணற்றடியில் பெண்கள் என்ன பேசினர், புதிதாக வந்த இயந்திரத்தையும் புதிதாக வந்த படத்தையும் ஊர் எவ்வாறு மதிப்பிட்டது என்பனவற்றுக்கு ஆவணம் அரிது. அன்றாட அபிப்பிராயம் பேச்சோடு பிறந்து பேச்சோடு மறைவது. எனினும் அது பேசப்பட்ட இடங்கள் உள. அவ்விடங்களில் எவர் இருந்தார், எவர் நின்றார், எவர் வாசலுக்கு அப்பால் நிறுத்தப்பட்டார் என்பதற்குச் சான்றுகளும் உள. எனவே இடங்களின் வரலாற்றினூடாக அபிப்பிராயத்தின் வரலாற்றை ஓரளவேனும் அணுகலாம்.

1829 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நிகழ்ந்த சந்திர கிரகணம் பற்றிய செய்தி இவ்வகையில் முதலில் கருதத்தக்கது. அராலி விசுவநாத சாஸ்திரியார் கணித்த பஞ்சாங்கம் அக்கிரகணத்தின் நேரத்தையும் அளவையும் ஒருவாறு கூறிற்று. வட்டுக்கோட்டைச் செமினறியின் அதிபராயிருந்த டானியல் பூர் அக்கணிப்பில் பிழையுண்டு என வெளிப்படையாக அறிவித்தார். குறித்த இரவில் மக்கள் கூடி நின்று வானத்தைப் பார்த்தனர் என்றும், பூர் கூறியதே பொருந்திற்று என்றும் மிஷனரிமார் எழுதியுள்ளனர். அது வென்றவர் எழுதிய குறிப்பு என்பதை மறத்தலாகாது. அன்று வீடு திரும்பியோர் சாஸ்திரியாரைக் கைவிட்டனர் என்பதற்கும் சான்றில்லை. பஞ்சாங்கம் அதன் பின்னரும் வீடுதோறும் இருந்தது. ஆயினும் கற்றோர் இருவரின் பிணக்கு ஊரவர் தத்தம் கண்ணால் பார்த்துத் தீர்ப்புக் கூறும் பொருளாயிற்று என்பதே இங்குக் கவனத்துக்குரியது. 1841 இல் அமெரிக்க மிஷன் வெளியிட்ட ‘உதயதாரகை’ இத்தகைய பிணக்குகளுக்கு அச்சில் ஒரு களம் அமைத்தது. பின்னர் 1876 இல் கத்தோலிக்கரின் ‘பாதுகாவலன்’, 1889 இல் சைவரின் ‘இந்து சாதனம்’ என ஒவ்வொரு சமயத்தாரும் தமக்கென ஒரு பத்திரிகை வைத்துக்கொண்டனர்.

இப்பத்திரிகைகள் எத்தனை பேரின் கைக்குச் சென்றன என்பதைவிட எத்தனை பேரின் செவிக்குச் சென்றன என்பதே பொருத்தமான வினாவாகும். யாழ்ப்பாணக் கோயில்களில் புராணபடனம் என்னும் வழக்கம் நெடுங்காலமாக நிலவி வந்தது. ஒருவர் கந்தபுராணத்தை வாசிப்பார், மற்றொருவர் பயன் சொல்லுவார், ஏனையோர் கேட்டிருப்பர். வாசிகசாலையில் பத்திரிகை வாசிக்கப்பட்ட முறையும் ஏறக்குறைய இதுவே. எழுத்தறிந்த ஒருவர் உரத்து வாசிக்க, உலக விடயம் தெரிந்தவரெனப் பெயர் பெற்ற இன்னொருவர் விளக்கம் கூற, திண்ணையில் இருந்தோர் தலையசைத்தோ மறுத்தோ கேட்டனர். பயன் சொல்வோருக்கும் கேட்போருக்கும் இடையே ஒரு வேறுபாடு மட்டும் புதிதாகத் தோன்றிற்று. புராணத்தின் பயனை எவரும் மறுத்துரைப்பதில்லை. பத்திரிகைச் செய்தியின் பயனை மறுக்கலாம். வாக்குவாதம் என்னும் பொழுதுபோக்கு ஊர் நடுவே ஒரு கூரையைப் பெற்றது இவ்வாறே.

1905 இல் புகையிரதப் பாதை காங்கேசன்துறைவரை முற்றுப்பெற்றதும் கொழும்புச் செய்தி விரைந்து வரலாயிற்று. 1930 இல் கொழும்பில் ‘வீரகேசரி’யும் சுன்னாகத்தில் நா. பொன்னையாவின் ‘ஈழகேசரி’யும், 1932 இல் ‘தினகரன்’ நாளிதழும் தோன்றின. 1933 இல் க. மு. செல்லப்பா தம் இல்லத்தில் தொடங்கிய நூல் இரவல் முயற்சி, மறு ஆண்டு ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறையில் 844 நூல்களோடு பொது நூல்நிலையமாயிற்று. இவற்றையெல்லாம் மறுமலர்ச்சியின் அறிகுறிகளாகக் கூறுவது மரபு. அது பிழையன்று. ஆனால் அம்மறுமலர்ச்சியின் வாசலில் நின்றோரைப் பற்றியும் கூற வேண்டும்.

கிராமத்து வாசிகசாலை பெரும்பாலும் ஒரு சாதியாரின் நன்கொடையால், அவர்தம் காணியில், அவர்தம் பெயர் பெற்ற பெரியார் ஒருவரின் நினைவாக எழுந்தது. அதன் வாங்கில் அமர்ந்து பத்திரிகையை விரிக்கும் உரிமை எழுதப்படாத விதிகளுக்கு உட்பட்டிருந்தது. 1929 ஆம் ஆண்டளவில் உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் வழங்கவேண்டும் என அரசாங்கம் பணித்தபோது எழுந்த எதிர்ப்பு இதனைத் தெளிவாக்கும். மனுக்கள் அனுப்பப்பட்டன, சில பாடசாலைகள் எரியூட்டப்பட்டன. பாடசாலை வாங்கிலே பிள்ளை அமர்வதைப் பொறாத சமூகம், வாசிகசாலை வாங்கிலே தந்தை அமர்வதைப் பொறுத்திருக்கும் என எதிர்பார்க்க இயலாது. ஒடுக்கப்பட்ட மக்கள் தமக்கெனத் தனி வாசிகசாலைகளை அமைத்துக்கொண்டமைக்குக் காரணம் இதுவே.

1931 இன் நிகழ்ச்சிகளை இப்பின்னணியிலேயே வைத்து நோக்குதல் வேண்டும். டொனமூர் ஆணைக்குழுவின் சிபார்சை அடுத்து 21 வயது நிரம்பிய ஆண் பெண் இருபாலார்க்கும் வாக்குரிமை கிடைத்தது. அதற்கு முன்னர் நாட்டு மக்களுள் நூற்றுக்கு நான்கு பேரளவினரே வாக்காளராயிருந்தனர். சேர் பொன்னம்பலம் இராமநாதன் போன்ற பெருந்தலைவர்கள் இவ்விரிவை எதிர்த்தனர் என்பது யாவரும் அறிந்ததே. அதிகம் பேசப்படாத செய்தி வேறொன்று. மாணவர் காங்கிரசாக 1924 இல் தோன்றி, ஹன்டி பேரின்பநாயகம் முதலானோரின் தலைமையில் வளர்ந்து, 1927 இல் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு வரவழைத்த இளைஞர் காங்கிரஸ், டொனமூர் அரசியலமைப்புப் பூரண சுயராச்சியத்தை வழங்கவில்லை என்னும் காரணத்தால் அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரிக்குமாறு கோரிற்று. யாழ்ப்பாணம், ஊர்காவற்றுறை, காங்கேசன்துறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் ஒருவரும் நியமனப்பத்திரம் தாக்கல் செய்யவில்லை.

இப்பகிஷ்காரம் உயர்ந்த இலட்சியம் ஒன்றின் வெளிப்பாடு என்பதில் ஐயமில்லை. சம ஆசனத்துக்கும் சமபந்தி போசனத்துக்கும் துணிந்து குரல்கொடுத்தோரும் இதே இளைஞரே. எனினும் அதன் விளைவை மறுபுறமிருந்தும் காணவேண்டும். பரம்பரையில் முதன்முறையாக வாக்குரிமை பெற்ற யாழ்ப்பாணத்துப் பெண்ணும், கூலித் தொழிலாளியும், ஒடுக்கப்பட்டவரும் அதனைப் பயன்படுத்த 1934 இன் இடைத்தேர்தல்வரை காத்திருக்க நேர்ந்தது. இதற்கிடையே 1932 இல் நேசம் சரவணமுத்து கொழும்பு வடக்கின் பிரதிநிதியாக அரசாங்க சபையில் அமர்ந்துவிட்டார். பகிஷ்கரிப்பது சரியா பிழையா என வாசிகசாலைகளில் வாதிடப்பட்டிருக்கும்; அவ்வாதத்தில், இழக்கப்போகும் வாக்குக்கு உரியவருள் எத்தனை பேருக்கு இடமிருந்தது என்பது வேறு. யாழ்ப்பாணத்தின் பொதுசன அபிப்பிராயம் பகிஷ்காரத்தை ஆதரித்தது என எழுதும் வரலாற்றாசிரியர் ‘பொதுசனம்’ என்னும் சொல்லைச் சற்று நிறுத்திப் பார்த்தல் நன்று.

வாசிகசாலை ஊரின் அமைதியான களமெனின், தேநீர்க்கடை சந்தியின் ஆரவாரமான களமாகும். இங்கே நன்கொடையாளரின் படம் சுவரில் இல்லை. காசு கொடுத்தவர் அமரலாம் என்பதே கடையின் பொது விதி. அவ்விதியே சாதியின் முன் முறிந்தது. ஒடுக்கப்பட்டவர் கடையின் வெளியே நின்று, புறம்பாக வைக்கப்பட்ட பேணியிலோ போத்தலிலோ தேநீரை வாங்கிக் குடிக்க வேண்டியிருந்தது. உள்ளே நடந்த பேச்சு அவருடைய செவிக்கு எட்டியிருக்கும். அவருடைய மறுமொழி உள்ளே எட்டியதில்லை. சிறுபான்மைத் தமிழர் மகாசபை 1956 அளவில் தேநீர்க்கடைகளில் சமவுரிமை கோரிப் போராடியதையும், 1957 இல் சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் நிறைவேறியதையும், சட்டம் இருந்தும் 1960களின் பிற்பகுதியில் மீண்டும் தேநீர்க்கடைகளிலும், 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலிலும் போராட வேண்டியிருந்ததையும் மனித கௌரவத்துக்கான போராட்டமாக நோக்குவர். அவை அதுவே. ஆனால் தேநீர்க்கடையின் வாங்கு தேநீருக்கு மட்டும் உரிய இடமன்று. தேர்தல், சந்தை விலை, வழக்கு, கலியாணம், புதுப் படம் யாவும் அங்கேயே அலசப்பட்டன. அங்கே அமரும் உரிமை, ஊர்க் காரியத்தில் அபிப்பிராயம் கூறும் உரிமையுமாகும்.

இதே காலப்பகுதியில், எவரும் எதிர்பாராத ஓரிடத்திலிருந்து அபிப்பிராயம் அச்சேறத் தொடங்கிற்று. சிகையலங்காரத் தொழில் புரிந்த டொமினிக் ஜீவா 1966 ஆகஸ்டில் ‘மல்லிகை’யைத் தொடங்கினார். முடி வெட்டும் சலூனே அவரது எழுத்துக்கும் நட்புக்கும் களமாயிருந்தது. சலூனில் பத்திரிகை கிடப்பதும், முறை வரும்வரை காத்திருப்போர் அதனைப் புரட்டியவாறு நாட்டு நடப்புப் பேசுவதும் எங்குமுள்ள வழக்கம். அங்கே கத்தரிக்கோல் பிடித்தவர் பேச்சைக் கேட்பவராகவே கருதப்பட்டிருந்தார். அவரே பத்திராதிபரானமையும், அச்சஞ்சிகை பல தசாப்தங்கள் நிலைத்தமையும் ஈழத்து இலக்கிய வரலாற்றில் மட்டுமன்றி அபிப்பிராயத்தின் வரலாற்றிலும் ஒரு திருப்பமாகும்.

சினிமாக் கொட்டகையைப் பற்றி அதிகம் கூறவேண்டியதில்லை. சாதி பாராது தமிழர் யாவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்த முதல் இடம் அதுவே என்றும், அங்கே இருக்கையைத் தீர்மானித்தது பிறப்பன்று, நுழைவுச் சீட்டின் விலையே என்றும் பேராசிரியர் கா. சிவத்தம்பி 1981 இல் வெளியான தமது ஆய்வில் எடுத்துக்காட்டியுள்ளார். வின்சரிலும் வெலிங்டனிலும் ராணியிலும் கலரியில் இருந்து படம் பார்த்தோர் எம். ஜி. ஆர். பெரிதா சிவாஜி பெரிதா எனத் தெருவில் மோதிக்கொண்டதைக் கற்றோர் எள்ளி நகையாடினர். அந்த வாதத்தில் எவரும் எவரையும் வெளியே நிறுத்தவில்லை என்பதை அவர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை.

வானொலி செய்த மாற்றம் இன்னும் ஆழமானது. 1925 டிசம்பரில் கொழும்பில் ஒலிபரப்பு முறைப்படி தொடங்கிற்றாயினும், நெடுங்காலம் அது வசதியுடையோர் வீட்டுப் பொருளாகவே இருந்தது. டிரான்சிஸ்டர் பரவிய பின்னரே அது அடுக்களைக்கும் தோட்டத்துக்கும் சென்றது. வாசிகசாலை, தேநீர்க்கடை, சலூன் மூன்றும் ஆண்களின் இடங்கள். பெண்கள் வாசிப்பார் ஒருவரின் தயவின்றி, வீட்டு வேலையோடு வேலையாகச் செய்தியையும் நாடகத்தையும் பாட்டையும் கேட்டது வானொலியினால்தான். மயில்வாகனனின் குரல் பாக்குநீரிணைக்கு அப்பாலும் பழக்கமாயிற்று. ஆனால் உள்ளூர் அபிப்பிராயத்தின் வரலாற்றில் அதனினும் முதன்மை பெறுவது, இலங்கையர்கோன் எழுதிய ‘விதானையார் வீட்டில்’, சானா எனப்பட்ட சண்முகநாதன் தயாரித்து வழங்கிய ‘லண்டன் கந்தையா’ ஆகிய நாடகங்கள் யாழ்ப்பாணத்துப் பேச்சுத்தமிழைக் காற்றில் ஏற்றியமையே. பத்திரிகைத் தலையங்கம் ஊரவர் பேசாத தமிழில் ஊரவரின் அபிப்பிராயத்தைக் கூறிவந்தது. விதானையாரின் மிடுக்கையும் சீமை மோகத்தையும் ஊரவர் எந்தத் தொனியில் பரிகசித்தனரோ அதே தொனி இப்பொழுது வானொலிப் பெட்டியிலிருந்து கேட்டது. சிவஞானசுந்தரம் வரைந்த சவாரித்தம்பரும், அவர் 1960களில் தொடங்கிய ‘சிரித்திரன்’ சஞ்சிகையின் மகுடி கேள்வி பதிலும் அத்தொனியை அச்சிலும் நிலைநாட்டின. அரசியல்வாதி, உத்தியோகத்தன், சீதனச் சந்தை எவருக்கும் எதற்கும் அங்கு விலக்கிருக்கவில்லை. தலையங்கங்களைச் சேகரித்து ஆராய்வோர் சிரித்திரனின் பழைய இதழ்களையும் அதே அக்கறையோடு ஆராயாதது ஒரு குறையே.

1981 மே மாத இறுதி இரவிலும் அதனையடுத்தும், மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலுக்கெனக் குவிக்கப்பட்டிருந்த பொலிஸார் யாழ்ப்பாண நகரில் நடத்திய அழிவில், செல்லப்பாவின் வாடகை அறையிலிருந்து வளர்ந்த பொது நூல்நிலையம் ஏறத்தாழ 97,000 நூல்களோடும் ஏட்டுச் சுவடிகளோடும் எரிந்தது. ‘ஈழநாடு’ காரியாலயமும் எரிக்கப்பட்டது. ஏடுகளின் இழப்புப் பற்றி நிறைய எழுதப்பட்டுள்ளது. அந்நூல்நிலையத்தின் பத்திரிகைப் பகுதி, நாள்தோறும் காலையில் வந்து பழகிய வாசகரின் சந்திப்பிடமுமாகும். அது எந்த நட்டக் கணக்கிலும் இடம்பெறவில்லை.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டில் மின்சாரம் அற்றுப்போயிற்று. பொருளாதாரத் தடையில் பற்றரியும் அடங்கிற்று. பத்திரிகைகள் கிடைத்த தாளில் அச்சாயின. வானொலியோ, கேட்பதற்கு வழியற்று மௌனமாயிற்று. அப்பொழுது ஊரவர் சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, அதன் டைனமோவிலிருந்து வானொலிக்குக் கம்பி இழுத்தனர். இரவில் பீ.பீ.சி. தமிழோசைக்கு நேரமானதும் அயலவர் முற்றத்தில் கூடினர். ஒருவர் மிதியைக் கையால் சுழற்ற, ஆண்களும் பெண்களும் சூழ இருந்து கேட்டனர். சுழற்றுபவரின் கை தளர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் தேய்ந்தது. உடனே இன்னொருவர் எழுந்து மிதியை வாங்கிக்கொண்டார். செய்தி முடிந்து சில்லு நின்ற பின்னர், இருளிலேயே வாக்குவாதம் தொடங்கிற்று.