பிழைப்பு போன பிறகு பிறந்த சங்கம்

அமெரிக்காவில் மரக் கடைசல் ஒரு காலத்தில் வயிற்றுப்பாட்டுக்கான தொழில். மாடிப்படிக் கைப்பிடித் தூண், நாற்காலிக் கால் என்று அச்சடித்தாற்போல் நூறு கடைந்து தர வேண்டும். தானியங்கி லேத் வந்ததும் அந்தக் கைவேலையைத் தேடுவாரில்லை. அப்புறம் பள்ளிக்கூடத்துத் தொழிற்கல்வி வகுப்புகளில் லேத் தங்கியது. பையன்கள் ஒரு கிண்ணம் கடைந்து அம்மாவிடம் கொடுத்துவிட்டு மறந்துபோவார்கள்.

மறக்காத சிலரும் இருந்தார்கள். பாப் ஸ்டாக்ஸ்டேல், இரண்டாம் உலகப் போரில் ஆயுதம் தூக்க மறுத்து முகாமுக்கு அனுப்பப்பட்டவர். முதல் கிண்ணத்தை அங்கேதான் கடைந்தார். கென்டக்கியின் பெரியா கல்லூரியில் ரூட் ஒஸோல்னிக் பாடம் நடத்தினார். ஆனால் மற்றவர்களுக்குக் கேட்டுத் தெரிந்துகொள்ளப் பக்கத்தில் ஆளில்லை. அவரவர் உளியை அவரவர் மனம்போல் தீட்டிக்கொண்டார்கள்.

1976இல் ஆல்பர்ட் லெகாஃப், அவர் சகோதரர் ஆலன், பள்ளி ஆசிரியர் பால்மர் ஷார்ப்லெஸ் மூவரும் பென்சில்வேனியாவில் இப்படித் தனித்தனியாகக் கடைந்துகொண்டிருந்தவர்களைக் கூட்டத் தொடங்கினார்கள். 1981க்குள் பத்துக் கூட்டம். லேத்தை ஓடவிட்டு, கடைந்தே காட்டினார்கள்.

அந்தத் தலைமுறையில் டேவிட் எல்ஸ்வொர்த்தின் வேலையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். சொம்பைப்போல வாய் குறுகிய கலம். ஈரம் காயாத பச்சைக் கட்டையை லேத்தில் பூட்டி, சிறு துளை வழியாக வளைந்த உளியை விட்டு உள்ளே குடைவார். உளி முனை கண்ணுக்குத் தெரியாது. சுவர் மெலிய மெலிய ஓசை மாறும். அதைக் கேட்டுத்தான் கையை நிறுத்த வேண்டும். கொஞ்சம் ஏமாந்தால் சுவர் ஓட்டை. பச்சை மரம் தடிமனாக இருந்தால் காயும்போது வெடிக்கும். மெல்லிசாகக் கடைந்தால் லேசாகக் கோணிக்கொண்டு உயிர் பிழைக்கும். வளைந்த உளிகளையும் அவரே செய்துகொண்டார்.

பழைய பட்டறைக்காரர் என்றால் இந்த வித்தையை மகனுக்கு மட்டும் காட்டியிருப்பார். எல்ஸ்வொர்த் வந்தவர்க்கெல்லாம் காட்டினார். கற்க வந்தவர்களில் பலருக்குச் சோறு போட்டது வேறு வேலை. தொழில் ரகசியம் என்று பொத்தி வைக்க அங்கே என்ன இருந்தது? தொழில் நொடித்ததால்தான் வித்தை தாராளமாகக் கை மாறியது என்றே எனக்குப் படுகிறது.

1985 அக்டோபரில் டென்னசியின் கேட்லின்பர்க் ஊரில், ஆரோமான்ட் கைவினைப் பள்ளியில் ஒரு பெரிய மாநாடு. தேசிய அளவில் சங்கம் வேண்டும் என்ற பேச்சு அங்கே சூடுபிடித்தது. 1986இல் அமெரிக்க மரக் கடைசலாளர் சங்கம் பிறந்தது. முதல் தலைவர் எல்ஸ்வொர்த்தேதான். அடுத்த ஆண்டே கென்டக்கியின் லெக்சிங்டனில் முதல் தேசியக் கூட்டம்.

இன்று ஊர்க் கிளைகள் மட்டும் 300க்கு மேல். கிளைக் கூட்டத்தில் ஒருவர் கடைந்து காட்ட, முன்வரிசைக்காரர் மடியில் மரச்சுருள் விழும். அவரவர் கடைந்தது மேஜைக்கு வந்து கைமாறும். புயலில் சாய்ந்த மரத்தை அறுத்து யாராவது கொண்டுவந்தால், குலுக்கல் போட்டுக் கட்டைகளைப் பிரித்துக்கொள்வார்கள். உளியை எந்தக் கோணத்தில் தீட்டுவது என்ற சண்டை மட்டும் இன்னும் தீரவில்லை.