சுண்ணாம்பு போன வழி, வந்த வழி

விளாத்திகுளம் என்றதும் நம்மில் பலருக்குக் கரிசல் மண்தான் ஞாபகம் வரும். மிளகாய் வத்தல், கம்பு, வேலிக்கருவேல மூட்டத்தில் வெந்த கரி. ஆனால் அந்தத் தாலுகாவுக்கு ஒரு கடற்கரையும் இருக்கிறது. வேம்பார், சிப்பிகுளம், கீழவைப்பார் என்று போகும் அந்தக் கரைக்கு எதிரே கடலுக்குள் உப்புத்தண்ணி, புழுவினிச்சல்லி, நல்லதண்ணி என்று சின்னச் சின்னத் தீவுகள். தெற்கே தூத்துக்குடிக்கு முன்னால் வான் தீவு, காசுவார், காரைச்சல்லி, விலாங்குசல்லி. தூத்துக்குடியில் தொடங்கி ராமேஸ்வரம் வரை மொத்தம் 21 தீவுகள். ஒவ்வொன்றையும் சுற்றிப் பவளப்பாறை.

அந்தப் பவளத்தை வீட்டு ஹாலில் கண்ணாடித் தொட்டிக்குள் வளர்ப்பது இன்று உலகம் முழுக்க ஒரு பொழுதுபோக்கு. ‘ரீஃப் டேங்க்’ என்பார்கள். சென்னையிலும் பெங்களூரிலும் இதில் இறங்கியிருப்பவர்களில் என்னைப் போன்ற ஐடிக்காரர்கள் கணிசம். காரணம் ஊகிக்கக்கூடியதுதான். சென்சார், டோசிங் பம்ப், மொபைலில் ஓடும் கிராஃப் என்று எங்களுக்குப் பழகிய உலகம் அது. அந்தத் தொட்டியின் வரலாற்றையும் மன்னார் வளைகுடாவின் வரலாற்றையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் இரண்டிலும் ஒரே பொருள் வருகிறது: சுண்ணாம்பு. ஓரிடத்தில் பவளம் சுண்ணாம்பாகிறது. இன்னோரிடத்தில் சுண்ணாம்பு பவளமாகிறது.

1

பவளத்தை முதன்முதலில் வீட்டுக்குள் உயிரோடு வைத்திருந்தவர்களில் ஒருவர் ஆன்னா தின் என்ற ஆங்கிலேயப் பெண்மணி. 1846இல் இங்கிலாந்தின் டார்க்கி கடற்கரையில் கல்பவளங்களைப் பார்த்து ஆசைப்பட்டு, ஒரு ஜாடியில் லண்டனுக்கு எடுத்துவந்தார். கடல்நீர் லண்டனில் ஏது? இருந்த நீரையே கெடாமல் காப்பாற்ற வேண்டும். வீட்டுப் பணிப்பெண் தினமும் அரை மணி, முக்கால் மணி நேரம் திறந்த ஜன்னலோரம் நின்று அந்த நீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு ஆற்றினார். நாம் டீ ஆற்றுகிற மாதிரிதான். நீரில் காற்று கலந்தது, பவளம் பிழைத்தது. பிறகு கடற்பாசித் தாவரங்களையும் சேர்த்தார், ஆற்றும் வேலை குறைந்தது. வரலாற்றில் ஆன்னா தின்னின் பெயர் இருக்கிறது. ஏர் பம்ப் வேலையைக் கையால் செய்த பணிப்பெண்ணின் பெயர் யாருக்கும் பழக்கமில்லை.

1853இல் லண்டன் ரீஜன்ட்ஸ் பார்க் விலங்குக்காட்சி சாலையில் பொது அக்வாரியம் திறந்தது. அடுத்த ஆண்டு பிலிப் ஹென்றி காஸ் ‘தி அக்வாரியம்’ என்ற நூலை வெளியிட்டார். அதன்பின் இங்கிலாந்து நடுத்தர வர்க்கத்துக்குப் பித்துப் பிடித்தது. கூடையும் உளியும் எடுத்துக்கொண்டு கூட்டம் கூட்டமாகக் கடற்கரைக்குப் போனார்கள். பாறைக் குட்டைகளைச் சுரண்டி எடுத்தார்கள். கடல் உயிர்களை நேசிக்கச் சொல்லித்தந்த காஸின் புத்தகங்கள்தான் அந்தக் குட்டைகள் காலியாகவும் காரணம் என்பதை அவர் மகன் எட்மண்ட் காஸ் 1907இல் வெளியான தன் நினைவுக் குறிப்பில் வருத்தத்தோடு பதிவு செய்திருக்கிறார்.

அந்த மோகம் நம் கரைக்கும் வந்தது, அரசு வழியாக. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1890இல் மன்னார் வளைகுடாவின் முத்து, சங்கு குளிப்பு பற்றியும் கடல் உயிர்கள் பற்றியும் எழுதியவர். அவர் முன்னெடுத்த யோசனையில் 1909இல் மெரினாவில் கடல்மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. மக்கள் காசு கொடுத்துப் போய்க் கடலைக் கண்ணாடி வழியாகப் பார்த்தார்கள்.

2

தூத்துக்குடிக்காரர்களுக்கு அதே கடல் வேறு கணக்கில் இருந்தது. முத்து கிடைத்த கடல் அடித்திட்டுகளுக்குப் ‘பார்’ என்று பெயர். தொள்ளாயிரம் பார் என்பது அவற்றில் பேர்போன ஒன்று. முத்து எப்போதாவது விளையும், பல வருஷம் விளையாது. சங்குக்கும் பருவம் உண்டு. கல்லுக்குப் பருவம் கிடையாது. தீவைச் சுற்றி ஆழம் குறைவு. கடப்பாறையால் பெயர்த்து வள்ளத்தில் ஏற்றினால் கரையில் வாங்க ஆள் தயாராக இருந்தது.

வீடு கட்டவும் அந்தக் கல்லே பயன்பட்டது. 1964 புயலில் அழிந்த தனுஷ்கோடியில் இன்று எல்லாரும் போட்டோ எடுத்துக்கொள்ளும் தேவாலயச் சுவரைக் கிட்டப் போய்ப் பாருங்கள். பூப்பூவாய்த் துளைகள் தெரியும். ஒவ்வொரு துளையும் ஒரு பவள உயிரி வாழ்ந்த அறை.

பெரும்பங்கு காளவாய்க்கும் தொழிற்சாலைக்கும் போனது. பவளக்கல் கிட்டத்தட்ட சுத்தமான கால்சியம் கார்பனேட். சுமார் 900 டிகிரியில் சுட்டால் 100 கிலோ கல்லில் 56 கிலோ நீறாத சுண்ணாம்பு மிஞ்சும். மீதி 44 கிலோ கரியமில வாயுவாக மேலே போய்விடும். சுவருக்குச் சுண்ணாம்பு, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு, கார்பைடு, சிமெண்ட். உருண்டைப் பவளங்கள் ஆண்டுக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளர்பவை. ஒரு மீட்டர் உயரக் கல் ஒன்றைப் பெயர்த்தால் தோராயமாக நூறு வருஷம் படகில் ஏறுகிறது. எடை போடுகிற இடத்தில் வயசுக்கு விலை இல்லை.

யாருக்கும் தெரியாமல் நடந்ததும் இல்லை. 1969 ஜனவரியில் மண்டபம் முகாமில் பவளங்களுக்காகவே ஒரு கருத்தரங்கு நடந்தது. அதன் கட்டுரைகள் 1972இல் தொகுப்பாக வந்தன. அதில் எஸ். மகாதேவன், கே. நாகப்பன் நாயர் இருவரும் மன்னார் வளைகுடா, பாக் நீரிணைப் பவளத்திட்டுகள் எங்கெங்கே இருக்கின்றன, எப்படிச் சுரண்டப்படுகின்றன, எதற்குப் பயன்படுகின்றன என்று எழுதியிருக்கிறார்கள். அதாவது, நிலவரம் அச்சில் இருந்தது. 1986இல் தீவுகளைச் சேர்த்துக் கடல்சார் தேசியப் பூங்கா அறிவித்தார்கள். கல்பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்கு வந்தது 2001இல். கருத்தரங்குக்கும் சட்டத்துக்கும் இடையே 32 ஆண்டுகள். இந்த இடைவெளியில்தான் நம் கதையின் இன்னொரு பாதி வேறு ஊர்களில் நடக்கிறது.

3

ஆன்னா தின் வளர்த்தது குளிர்கடல் பவளம். வெப்பக்கடல் பவளத்தைத் தொட்டியில் வைத்தால் அது சில வாரங்களில் செத்துக்கொண்டிருந்தது. 1961இல் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் ஓர் அமெரிக்க மீன்வளர்ப்புப் பத்திரிகையில் தன் முறையை எழுதினார். பெரிய கருவி எதுவும் இல்லை. கடலிலிருந்து எடுத்த, உயிர்கள் ஒட்டியிருக்கும் பாறை, கடல்நீர், வெயில், கொஞ்சம் காற்றுக் குமிழி. பாறையின் துளைகளில் வாழும் பாக்டீரியாக்கள் மீன் கழிவின் அம்மோனியாவை விஷம் குறைந்த பொருளாக மாற்றிவிடும். சுத்தம் செய்வதாக நினைத்து அதுவரை எல்லாரும் கழுவிக் கொன்றது அந்தப் பாக்டீரியாக்களைத்தான்.

அடுத்த அடி ஜெர்மன் மொழி பேசும் ஊர்களிலிருந்து வந்தது. பவளம் எலும்புக்கூடு கட்டக் கால்சியத்தையும் கார்பனேட்டையும் நீரிலிருந்து எடுக்கிறது. கடலில் ஒரு லிட்டருக்குச் சுமார் 400 மில்லிகிராம் கால்சியம் உண்டு, குறையவே குறையாது. இருநூறு லிட்டர் தொட்டியில் நாலு பவளம் நன்றாக வளர்ந்தால் சில நாளில் குறையத் தொடங்கும். பீட்டர் வில்கென்ஸ் 1970களில் பரிந்துரைத்த தீர்வின் பெயர் கால்க்வாசர். பெயர் பெரிதாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். நேர் பொருள் சுண்ணாம்புத் தண்ணீர். நீறிய சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து, தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிநீரை ராத்திரியில் சொட்டுச் சொட்டாகத் தொட்டிக்குள் விடுவது. நம் வீடுகளில் பாட்டிமார் வெற்றிலைப் பெட்டியில் வைத்திருந்த அதே சரக்கு.

இந்த வேதியியலைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். காளவாயில் பவளம் கரியமில வாயுவை விட்டுவிட்டுச் சுண்ணாம்பாகிறது. தொட்டியில் சுண்ணாம்புத் தண்ணீர், நீரில் கரைந்திருக்கும் கரியமில வாயுவைப் பிடித்துக்கொண்டு பைகார்பனேட்டாகிறது. அதை எடுத்துப் பவளம் மறுபடியும் கல் கட்டுகிறது. வேதியியலின் கண்ணில் இரண்டும் ஒரே பாதைதான். ஒன்று போகும் வழி, ஒன்று வரும் வழி. போகும் வழியில் ஒரு காளவாயும் சில மணி நேரமும் போதும். வரும் வழியில் சொட்டுச் சொட்டாக வருஷக்கணக்கு.

இன்னொரு வேடிக்கை. உப்பு விளையும் தூத்துக்குடியில் ஒருவர் ரீஃப் டேங்க் வைத்தால்கூட அந்த ஊர் உப்பை அதில் கரைக்க முடியாது. உப்பளத்தில் பாத்தி பாத்தியாக நீர் சுண்டும்போது கால்சியம் ஜிப்சமாக முன்கூட்டியே படிந்துவிடுகிறது. மக்னீசியம் கடைசியில் கழித்துவிடும் கசப்பு நீரோடு போய்விடுகிறது. நமக்கு வேண்டியது சோடியம் குளோரைடு. பவளத்துக்கு வேண்டியது நாம் கழித்ததெல்லாம்.

1980களில் பெர்லினில் டீட்ரிச் ஸ்டூபர் என்ற பொழுதுபோக்காளர் தன் தொட்டியில் கிளைப்பவளத்தை வளர்த்துக் காட்டினார். வளர்ந்ததை ஒடித்து மற்றவர்களுக்குக் கொடுத்தார். ஒடித்த துண்டு ஒட்டிக்கொண்டு தனிப் பவளமாக வளரும், முருங்கைப் போத்து மாதிரி. அந்தத் துண்டுகளின் வாரிசுகள் கை மாறி மாறிப் பல நாட்டுத் தொட்டிகளுக்குப் போயின. அதிலிருந்து ஒரு பழக்கம் உருவானது: கடலிலிருந்து எடுக்காதே, பக்கத்து வீட்டுத் தொட்டியிலிருந்து வாங்கு. எல்லாரும் பின்பற்றினார்கள் என்று சொல்ல முடியாது. கடலிலிருந்து எடுத்த பவளமும் உலகச் சந்தையில் இருக்கிறது. ஆனால் காஸ் காலத்து மோகத்தில் இல்லாத ஒரு வழி இதில் திறந்தது.

4

மன்னார் வளைகுடாவுக்குத் திரும்புவோம். 2001இல் சட்டம் வந்த பிறகும் கல் எடுப்பது உடனே நிற்கவில்லை. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகுதான் நிலைமை மாறியது. தீவும் பாரும் அலையின் வேகத்தைத் தடுக்கும் சுவர் என்பது கரையில் பேச்சானது. கண்காணிப்பும் இறுகியது. 2005க்குப் பிறகு பவளக்கல் எடுப்பது நின்றது. அதற்குள் 110 சதுர கிலோமீட்டர் பவளத்திட்டில் 32 சதுர கிலோமீட்டர் சிதைந்திருந்தது. விலாங்குசல்லியும், கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டியும் கடலுக்குள் போய்விட்டன. 21 தீவுகள் என்று இன்னமும் எழுதுகிறோம். கண்ணில் படுவது 19. வான் தீவு 1986இல் 16 ஹெக்டேர், 2014இல் 2 ஹெக்டேர். சட்டவிரோதம் என்று பிடிபட்டவர்கள் கல்லைப் பெயர்த்தவர்கள். பல பத்தாண்டுகள் அந்தக் கல்லை எடை போட்டு வாங்கியவர்கள் இந்தக் கதையில் எங்கும் வருவதே இல்லை.

தூத்துக்குடியில் இருக்கும் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் 2002இலிருந்து பவளத்தை நட்டு வருகிறது. முறை நமக்கு இப்போது தெரிந்ததுதான். நல்ல பவளத்திலிருந்து கிளைத் துண்டை எடுத்து, கான்கிரீட் பலகையில் கட்டி, கடலடியில் சட்டம் அமைத்துப் பொருத்துவது. பெர்லின் வரவேற்பறையில் நடந்த அதே வேலை, அலையும் கலங்கலும் உள்ள இடத்தில். வான் தீவைச் சுற்றி ஐஐடி மெட்ராஸ் வடிவமைப்பில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கான்கிரீட் செயற்கைப் பார்கள் இறக்கப்பட்டன. மணல் திரும்பப் படியத் தொடங்கியது. காரைச்சல்லிக்கும் இதே வழி அறிவிக்கப்பட்டிருக்கிறது. சுண்ணாம்புக்காகப் பெயர்த்த இடத்தில், சுண்ணாம்புக்கல்லை எரித்துச் செய்த சிமெண்டைத்தான் கொண்டுபோய் வைக்கிறோம்.

இந்த இடத்தில் ‘அப்போ பொழுதுபோக்குக்காரர்கள்தான் கடலைக் காப்பாற்றினார்கள்’ என்று முடித்தால் எங்கள் ஆட்கள் சந்தோஷப்படுவார்கள். அது பொய்யாகிவிடும். தொட்டியில் சூடு ஏறினால் சில்லர் ஓடும், கால்சியம் குறைந்தால் சுண்ணாம்புத் தண்ணீர் சொட்டும். கடலுக்கு அந்த வசதி இல்லை. 2016 கோடையில் நீர் சூடாகி மன்னார் வளைகுடாப் பவளங்கள் வெளுத்தன. உயிர்ப்பவளப் பரப்பு 38.9 சதவீதத்திலிருந்து 22.7 சதவீதமாக இறங்கியது. பல வருஷம் நட்டதையும் பல நூறு வருஷம் தானாக வளர்ந்ததையும் ஒரே கோடை சேர்த்துத் தின்றது. காளவாயிலிருந்தும் எத்தனையோ புகைபோக்கிகளிலிருந்தும் மேலே போன கரியமில வாயுவின் மறுபக்கம் இது. அது கடலைச் சூடாக்குகிறது, கூடவே அமிலத்தன்மையை ஏற்றிப் பவளம் கல் கட்டுவதையே கடினமாக்குகிறது.

தொட்டி கற்றுத்தருவது செலவுக் கணக்கை. கையளவு பவளத்தைப் பிடித்து வைக்க விளக்கு, பம்ப், சில்லர், உப்பு, தினசரி அளவீடு, மின்சாரம் போனால் ராத்திரித் தூக்கம் எல்லாம் போகிறது. வேம்பாரிலிருந்து தூத்துக்குடி வரை இதையெல்லாம் கடல் இலவசமாகச் செய்துகொண்டிருந்தது, அலையைத் தடுத்து, மீனுக்கு இடம் கொடுத்து. நாம் அதை டன் கணக்கில் சுண்ணாம்பு விலைக்கு விற்றோம்.

யாராவது ரீஃப் டேங்க் வைக்க ஆசைப்பட்டால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். நம் கடலிலிருந்து ஒரு துண்டும் எடுக்கக் கூடாது என்பது சட்டம். கடையில் கிடைக்கும் துண்டு எந்தத் தொட்டியில் வளர்ந்தது, அதற்கு ஆவணம் உண்டா என்று கேளுங்கள். பதில் சொல்லாத கடையில் வாங்காதீர்கள். ஒரு துண்டு ஒட்டி, முதல் புதுக் கிளை விடும் வரை பாருங்கள். அதற்கு எத்தனை நாள் ஆனது என்று குறித்துவைத்துக்கொண்டு, பிறகு தனுஷ்கோடிச் சுவரைப் போய்ப் பாருங்கள்.